முடியாத கொலு

ரிச்சர்ட்சன் என்ற இந்த ஊருக்கு நான் எந்த வேலையையும் நம்பி வரவில்லை. கலிபோர்னியாவில், சான் ரமோனில் இருந்த வேலை போய்விட்டது. காரும் இருமிக்கொண்டிருந்தது. அது அடியோடு நின்றுபோவதற்குள் எவ்வளவு தூரம் போகிறதோ போகட்டும் என்று கிளம்பினேன். டெக்சஸ் வரை வந்தது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். லாரி, கப்பல் சமையலறை, வளைகுடா என்று சுற்றினேன். அக்கா போட்ட மனு ஒருவழியாகப் பலித்ததும் அமெரிக்கா வந்தேன். முதலில் நியூ ஜெர்சியில், வெஸ்ட் வின்ட்சர் பக்கம் ஒரு பெட்ரோல் பங்க். அந்த மாநிலத்தில் காருக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ள முடியாது. ஆள்தான் போட வேண்டும். நான் அந்த ஆள். ஜனவரியில் கையுறை இல்லாமல் குழாயைப் பிடித்தால் தோல் ஒட்டிக்கொள்ளும். அடுத்து சான் ரமோனில் ஓர் அலுவலக வளாகத்தின் கேன்டீனில் பாத்திரம் கழுவினேன். வாடகை கட்டுப்படியாகாததால் சில மாதங்கள் காரிலேயே படுத்தேன். சீட்டை நன்றாகச் சாய்த்துக்கொண்டால் தூக்கம் வந்துவிடும்.

டெக்சஸில் ஏஜென்சிக்காரர்கள் என்னை ஒரு பல்கலைக்கழக நூலகத்துக்கு அனுப்பினார்கள். பெட்டி தூக்க ஆள் வேண்டும், கொஞ்ச நாள்தான் என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை.

நூலகத்தின் மூன்றாவது மாடியில் ஒரு நீண்ட அறை. சுற்றிலும் கண்ணாடிப் பெட்டிகள். உள்ளே இருந்தவற்றுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே கிடையாது. முள்வேலிக் கம்பிகளை வெட்டி ஒரு பலகையில் வரிசையாகப் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் முள்ளை வேறு விதமாக முறுக்கியிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் ஒரு விமானியின் தோல் தொப்பி. ஒரு குதிரைக்காரனின் லேஸ் வைத்த பூட்ஸ். காலால் மிதித்துச் சுற்றுகிற பல் டாக்டர் இயந்திரம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவார்களே, அந்தப் பலகை. தந்தத்தில் செய்த ஒரு விசிறி. யாரோ விட்டுப்போனதை யாரோ கொண்டுவந்து கொடுக்க, இப்படியே சேர்ந்துவிட்டவை. கல்யாண மண்டபத்து வாசலில் கிடக்கும் செருப்புகளைப் போல இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலுக்குரியது. கால்தான் எங்கே என்று தெரியாது.

அவற்றைத் துடைப்பதும் தூக்குவதும் இடம் மாற்றுவதும் என் வேலை. எனக்குச் சொந்தமானவை எல்லாம் ஒரே சூட்கேஸில் அடங்கிவிடும். அதில் கண்ணாடிக்குள் வைக்கும்படியாக என்ன இருக்கிறது என்று ஒருநாள் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. வருத்தமாக இல்லை, தெரிந்துகொண்டது போலத்தான் இருந்தது.

அந்த அறைக்குப் பொறுப்பாக இருந்த நூலகர் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்ட, உயரமான அமெரிக்கப் பெண்மணி. ஒரு செப்டம்பரில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. இந்த ஊருக்குக் குடிவந்தவர்களின் வீடுகளிலிருந்து ஒவ்வொரு பொருளாக வாங்கி, ஒரு வரிசை முழுக்க அடுக்கலாம். "உங்கள் ஆட்களில் யாரையாவது தெரியுமா?" என்று என்னைக் கேட்டார்.

எனக்கு ஒரு வீடு தெரியும். அந்த வீட்டு அங்கிளை டயாலிசிசுக்குக் கூட்டிக்கொண்டு போய்வந்தது நான்தான். டெலிகாம் கம்பெனியில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த ஆகஸ்டில் இறந்துபோனார். அவருடைய மனைவி எனக்கு ஒரு மூத்த அக்காவைப் போல. ஊரே ஆன்ட்டி என்று கூப்பிட்டதால் நானும் அப்படியே கூப்பிட்டேன். மகனோடும் மருமகளோடும் இருந்தார். போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். உடனே பதில் வந்துவிட்டது.

"மரப்பாச்சி தரேன் தம்பி. இந்த வருஷம் நமக்குத் தீட்டு, வீட்ல கொலு கிடையாது. அதுக ரெண்டும் பெட்டிக்குள்ளயே தூங்கறதுக்கு அங்க போய் நாலு பேர் பார்க்க நிக்கட்டுமே."

நூலகரைக் கூட்டிக்கொண்டு போனேன். ஆன்ட்டி ஒரு சூட்கேஸைத் திறந்து, பழைய புடவைத் துணியைப் பிரித்து, ஒரு சாண் உயரத்தில் ஆணும் பெண்ணுமாக இரண்டு மரப் பொம்மைகளை எடுத்து வைத்தார். மரம் கறுத்து, மூக்கு நுனிகள் தேய்ந்திருந்தன. ஆணுக்கு வேட்டி, பெண்ணுக்குச் சரிகைப் புடவை. கல்யாணத்தில் சீராக வந்தவை என்றும், முதன்முதலில் பிளேனில் வந்தபோது மடியிலேயே வைத்துக்கொண்டு வந்ததாகவும் ஆன்ட்டி தன் ஆங்கிலத்தில் சொன்னார். நூலகர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, மெதுவாக ஒரு கேள்வி கேட்டார்.

"ஸோ, யூ வுட் லைக் அஸ் டு கீப் தெம்?"

ஆன்ட்டியின் முகம் மலர்ந்துவிட்டது. "யெஸ், யெஸ். கீப், கீப். நைஸ்லி கீப்." சொல்லிக்கொண்டே, படியில் பொம்மை வைப்பது போல இரண்டு கைகளாலும் காற்றில் வைத்துக் காட்டினார்.

எனக்கு அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. எங்கள் ஆங்கிலத்தில் சாவியை மேசையில் கீப் பண்ணுவோம், பாலை ஃபிரிட்ஜில் கீப் பண்ணுவோம், வருஷா வருஷம் கொலுவும் கீப் பண்ணுவோம். கீப் என்றால் வை. வைத்ததைத் திரும்ப எடுப்பார்கள் என்பதைத் தனியாகச் சொல்வானேன்? மகன் பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்தார். அவர் போனுக்கு நூலகத்திலிருந்து ஏதோ படிவம் வந்தது, விரலால் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டு மறுபடி மீட்டிங்குக்குள் போய்விட்டார். நூலகர் கண் கலங்க ஆன்ட்டியின் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கண்ணீரைப் பார்த்தாவது ஏதாவது புரிந்திருக்கலாம். அங்கிளுக்காகத் துக்கம் விசாரிக்கிறார் என்றே நாங்கள் இருவரும் நினைத்தோம்.

நவராத்திரி சமயத்தில் கண்காட்சி திறந்தது. ஆன்ட்டி பட்டுப்புடவையில் வந்து, அறை வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு டப்பா நிறையச் சுண்டல். தந்த விசிறியைத் தாண்டி வந்து தன் பொம்மைகளின் முன் நின்றவர், அப்படியே திகைத்துப்போனார்.

"தம்பி! என்ன இது, துணி எங்க?"

மரத்தின் செதுக்கு வேலை தெரிய வேண்டும் என்று நூலகர் துணிகளை எடுத்து வேறொரு பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தார்.

"இத்தனை பேர் வந்து போற இடத்துல இப்படியா நிக்க வைப்பாங்க? அந்தப் பக்கம் குதிரைக்காரன் பூட்ஸுக்குக் கூட லேஸ் கட்டி விட்டிருக்காங்க. அவங்ககிட்ட சொல்லு, இப்ப கட்டலைன்னா நான் இங்கயே என் முந்தானையைக் கிழிச்சுக் கட்டுவேன்னு."

முந்தானையை விட்டுவிட்டு மற்றதை மொழிபெயர்த்தேன். நூலகர் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். அவரே பூட்டைத் திறக்க, ஆன்ட்டி கண்ணாடிக்குள் கையை விட்டு, பேசிக்கொண்டே வேட்டியையும் புடவையையும் கட்டினார். பொம்மைகளை ஆளுக்கொரு பித்தளைத் தாங்கியில் நிறுத்தி, இடுப்பைச் சுற்றி ஒரு கவ்வியால் திருகி வைத்திருந்தார்கள். அதையும் மடிப்புக்குள் மறைத்துவிட்டார். உள்ளே எதையும் சாப்பிடக் கூடாது என்பதால் மூவரும் வெளியே கார் நிறுத்துமிடத்தில் நின்று சுண்டல் சாப்பிட்டோம். நூலகர் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷம் ஆகஸ்டில், திதி முடிந்த கையோடு ஆன்ட்டி போன் செய்தார். "தம்பி, இந்த வருஷம் கொலு வைக்கலாம். வர்றப்ப மரப்பாச்சியை எடுத்துட்டு வந்துடு."

நூலகரிடம் போய்ச் சொன்னேன்.  அவர் என்னைக் கிடங்குக்குக் கூட்டிப்போய், பொம்மையைத் திருப்பி அடிப்பாகத்தைக் காட்டினார். பாதத்துக்கடியில், எறும்பு அளவு எழுத்தில், கறுப்பு மையில் ஓர் எண். "இவை நூலகத்தின் சொத்து. அவர் எங்களுக்குக் கொடுத்துவிட்டார். நீங்களும் அங்கே இருந்தீர்களே!"

அன்று மாலை போய் ஆன்ட்டியிடம் சொன்னேன். மகனும் இருந்தார்.

"நான் குடுத்தேனா? கீப்புன்னா என்ன அர்த்தம்? வைன்னுதானே சொன்னேன்!"

"கீப்புன்னா வச்சுக்கோன்னு அர்த்தம்மா" என்றார் மகன்.

"இத்தனை வருஷமா வி கீப் கொலு வி கீப் கொலுன்னு பக்கத்து வீட்டுக்காரிகிட்ட சொல்லியிருக்கேனே. அப்ப அவ என்னடா நினைச்சிருப்பா?"

"சரிம்மா, விடு. ஆன்லைன்ல இதே மாதிரி ஜோடி கிடைக்குது. இப்ப ஆர்டர் பண்ணா ரெண்டு நாள்ல வந்துடும்."

"உங்கப்பா மாதிரிகூட ஆன்லைன்ல கிடைக்கும். ஆர்டர் பண்ணேன்."

 மகன் எழுந்து போய், போனைத் தேடி எடுத்து, போன வருஷம் தான் கையெழுத்துப் போட்டதைப் படிக்கத் தொடங்கினார்.

நூலகர் கெட்டவரில்லை. பொம்மைகளைத் திருப்பித் தரத்தான் விரும்பினார். ஆனால் எண் எழுதியாகிவிட்ட ஒரு பொருளை வெளியே அனுப்ப ஒரு குழு கூடி ஒப்புக்கொள்ள வேண்டும். குழு நவம்பர் கடைசியில்தான் கூடும். நவராத்திரியோ அதற்கு முன்பே வருகிறது. அதனால் அவர் கண்டுபிடித்த வழி: பொம்மைகளை நூலகம் ஆன்ட்டிக்குக் கடனாகத் தரும். தாங்கியிலிருந்து கழற்றக் கூடாது. படுக்க வைக்கவோ சாய்க்கவோ கூடாது. பக்கத்தில் விளக்கு, தண்ணீர், சாப்பாடு, குங்குமம் எதுவும் ஆகாது. கொண்டுபோகவும் கொண்டுவரவும் நான். கொலு முடிந்ததும் திரும்ப வர வேண்டும்.

"என் பொம்மை எனக்கே இரவலா?" என்று ஆன்ட்டி கேட்டார். பிறகு, "சரி, வரட்டும். முதல்ல வீட்டு வாசப்படி ஏறட்டும்" என்றார்.

நுரைப்பஞ்சு அடைத்த பெட்டியில் கொண்டுபோய், மேல் படியில் தாங்கிகளோடு நிறுத்தினேன். போன மாதம் பூச்சி வராமல் இருக்க அவற்றை ஃப்ரீசரில் வைத்திருந்தார்கள் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ஆன்ட்டி பொம்மையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "டெக்சஸ் வெயிலுக்கு அது ஒண்ணுதான் நல்லது பண்ணியிருக்காங்க" என்றார். விளக்கைக் கீழே தரையில் வைத்தார். சுண்டலை எதிர்ச் சுவர் ஓரத்தில் வைத்து, "அங்கிருந்தே பார்த்துக்கோங்க" என்று பொம்மைகளிடம் சொன்னார். ஒரு விதியைக்கூட மீறவில்லை. நானும் தினமும் சாயங்காலம் போய் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். காவல் என்று பெயர். வருகிற ஆன்ட்டிகள் எல்லோரும் எனக்கு ஒரு கிண்ணம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

விஜயதசமி அன்று விளக்கேற்றி ஆரத்தி எடுத்தபின் ஆன்ட்டி என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தக் கவ்வியைக் கழட்டு. ஒண்ணைப் படுக்க வைக்கணும்."

கொலு முடிகிற அன்றைக்கு ஒரு பொம்மையாவது படுக்க வைப்பது வழக்கம். படுத்தால்தான் கொலு முடிந்தது, மறுநாள் எல்லாவற்றையும் எடுத்து வைக்கலாம். நூலகருக்குப் போன் போட்டேன். அவர் ஏதோ கருத்தரங்குக்காக வெளியூரில் இருந்தார். தாங்கியைத் தொடவே வேண்டாம், நிமிர்ந்தபடியே இருக்கட்டும், கழுத்தில் பழைய விரிசல் ஒன்று இருக்கிறது, படுக்க வைத்தால் அது விட்டுவிடும் என்றார். தான் வந்து பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"மத்த பொம்மை எத்தனை இருக்கு, வேற ஒண்ணைப் படுக்க வையேன்மா" என்றார் மகன்.

"இந்த வீட்ல எப்பவும் மரப்பாச்சிதான் படுக்கும்." ஆன்ட்டி கொஞ்சம் யோசித்தார். பிறகு முகத்தில் ஒரு தெளிவு வந்தது. "சரி தம்பி. அவங்க ரூலை நான் மீற மாட்டேன். படுக்க வைக்கக் கூடாதுன்னா வைக்கலை. ஆனா படுக்க வைக்கலைன்னா கொலு முடியலை. முடியாத கொலுவுல இருந்து பொம்மையை எடுக்கக் கூடாது. இதை அப்படியே அவங்ககிட்ட சொல்லிடு."

போனில் அப்படியே சொன்னேன்.  மறுமுனையில் நூலகர் கேட்டார்: "கொலு முடிந்ததும் திரும்ப வர வேண்டும் என்றுதானே நாம் சொன்னோம்?"

"ஆமாம்" என்றேன்.

"முடியவில்லை என்கிறார்."

"ஆமாம்."

"சரி" என்று போனை வைத்துவிட்டார்.

கொலு தொடர்ந்தது. தினமும் விளக்கு, தினமும் சுண்டல். மகன் புலம்ப ஆரம்பித்தார். "அம்மா, நவராத்திரின்னா ஒன்பது ராத்திரி. இது எந்த ராத்திரிம்மா? ஆபீஸ்ல என் கேபினுக்குள்ள வந்தாலே கடலை வாசனைன்றாங்க." ஹாலோவீன் வந்தது. எலும்புக்கூடும் சூனியக்காரியுமாக வேஷம் போட்ட பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். உள்ளே படிகளையும் விளக்கையும் வரிசையாக நிற்கும் பொம்மைகளையும் பார்த்துவிட்டு, தெருவிலேயே இந்த வீட்டு அலங்காரம்தான் சூப்பர் என்றார்கள். மருமகள் சாக்லேட் கொடுத்தார். ஆன்ட்டி எலும்புக்கூட்டின் பையில் சுண்டலும் ஒரு கரண்டி போட்டார்.

நவம்பர் தொடக்கத்தில் நூலகர் நேரிலேயே வந்தார். கொலுவுக்கு எதிரே சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். ஆன்ட்டி தட்டில் வெற்றிலை பாக்கு, ரவிக்கைத் துணி வைத்துக் கொடுத்தார். நூலகர் அதை மடியில் வைத்துக்கொண்டு நேராகவே கேட்டார். நான் இரண்டு பக்கமும் மாற்றிச் சொன்னேன்.

"நான் இப்போது கவ்வியைக் கழற்றினால், நீங்கள் படுக்க வைப்பீர்களா?"

"வைப்பேன்."

"வைத்தால் கொலு முடிந்துவிடும். நான் எடுத்துக்கொண்டு போக வேண்டியிருக்கும்."

"தெரியும். எடுத்துட்டுப் போவீங்க. நான் தடுக்க மாட்டேன்."

ஆன்ட்டி பொய் சொல்கிறவரில்லை. அதுவரை எனக்கு இதெல்லாம் ஒரு சாமர்த்தியமாகவே தெரிந்தது. அப்போதுதான் அவர் தன் கைகளை இறுகக் கோத்திருந்ததைப் பார்த்தேன். குழு என்ன சொல்லும் என்று யாருக்கும் தெரியாது. மறுத்தால் பொம்மைகள் திரும்பவும் ஃப்ரீசருக்கும் கிடங்குக்கும் போகும்.

நூலகர் எழுந்து போய்த் தாங்கியைக் கிட்டத்தில் பார்த்தார். "இதைக் கழற்ற ஒரு சின்னத் திருகு சாவி வேண்டும். நான் கொண்டுவர மறந்துவிட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தச் சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான் இருக்கும் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்; கொடுத்ததே அவர்தான். நான் பையைத் தொடவில்லை.

"அடுத்த வாரம் வருகிறேன்" என்றார். அடுத்த வாரம் அவர் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்குப் பிறகு ஒரு மாலை வந்தார். குழு கூடியிருந்தது. உள்ளே என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆன்ட்டி கொடுத்துவிட்டதாக நினைத்தது தங்கள் தவறு என்று நூலகரே எழுந்து சொன்னாராம். பொம்மைகள் ஆன்ட்டிக்கே என்று முடிவாகியிருந்தது. பாதத்திலிருக்கும் எண்ணை மருந்து போட்டு அழித்துத் தரட்டுமா என்று கேட்டார்.

"வேணாம், அவ்வளவு நாள் அங்க நின்னிருக்கு" என்றார் ஆன்ட்டி.

இந்தத் தடவை சாவி என் பையிலிருந்து வெளியே வந்தது. நூலகர் இரண்டு கவ்விகளையும் தளர்த்தி, தாங்கிகளை உருவி எடுத்தார். பொம்மைகள் தங்கள் சொந்தக் காலில் நின்றன. மகன் மடிக்கணினியை மூடிவிட்டு வந்து நின்றார். எல்லோரும் ஆன்ட்டியைப் பார்த்தோம்.

அவர் அசையவில்லை. படிக்கு முன்னால் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

"படுக்க வைக்கிறது எப்பவும் அவர்தான்" என்றார். "நான் அடுக்குவேன், அவர் முடிப்பார். எனக்குப் பழக்கமே இல்லை."

நூலகருக்கு நான் இதை மொழிபெயர்க்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

"நான் வைக்கட்டுமாம்மா?" என்றார் மகன்.

"இரு."

ஆன்ட்டி முந்தானையால் ஆண் பொம்மையைத் துடைத்தார். கழுத்து விரிசலுக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, தூங்கும் குழந்தையை எடுப்பது போல எடுத்து, வெள்ளைத் துணி விரித்த படியில் மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்தார். வேட்டியின் மடிப்பைச் சரிசெய்தார். பெண் பொம்மையைத் தொடவில்லை. அது பக்கத்திலேயே நின்றது.

நூலகர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆன்ட்டி உதட்டில் விரல் வைத்துக் காட்டினார்.

"மெல்லப் பேசச் சொல்லு தம்பி. இனிமே காலைலதான் எழுப்புவோம்."

இதை மட்டும் மொழிபெயர்த்தேன். நூலகர் தலையாட்டிவிட்டு, இரண்டு தாங்கிகளும் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வராதபடி பிரித்துப் பிடித்துக்கொண்டு, கதவை நோக்கி நடந்தார்.